தனுஷ்கோடி பேய் ஊர் இல்லை, எங்க தாத்தா ஊர்

முதல் வருஷம் ஹாஸ்டலில் சேர்ந்த அன்னைக்கு ரூம்மேட் "எந்த ஊர்டா?" என்று கேட்டான். "பாம்பன்" என்றேன். "ஓ, அந்தப் பாலம்! பக்கத்துலதானே அந்தப் பேய் ஊர் இருக்கு? செம ப்ளேஸ்டா, ரீல்ஸ்ல பார்த்திருக்கேன்" என்றான். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. அவன் பார்த்த வீடியோவில் அப்படித்தான் போட்டிருந்தார்கள். ஆனால் அவன் பேய் ஊர் என்று சொன்னது எங்க தாத்தா பிறந்த ஊர்.

நீங்களும் அந்த வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நேர்கோடாக ஒரு ரோடு, மேலே டிரோன். இடிந்த சர்ச், ஒரு சோகமான பிஜிஎம். "ஒரே இரவில் கடலுக்குள் போன ஊர்" என்று ஒரு கம்பீரக் குரல். 2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு திறந்த பிறகு வாரக் கடைசியில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை. வருகிறவர்கள் சர்ச் சுவர் முன்னால் ஒரு செல்ஃபி எடுத்து, மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள்.

அந்த வீடியோக்கள் சொல்வது பொய் இல்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி புயல் அடித்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது அலையில் சிக்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் யாரும் பிழைக்கவில்லை. ஊர் முழுக்க மண்ணுக்குள்ளும் தண்ணீருக்குள்ளும் போனது. பிறகு அரசாங்கம் அதை மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்தது. இதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

நான் கேட்பது வேறு. டிசம்பர் 21-ம் தேதி அந்த ஊர் எப்படி இருந்தது? அன்னைக்குக் காலையில் பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கூடம் போனார்கள்? குடிக்கத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? ஊரில் டீக்கடை எங்கே இருந்தது, யார் யாருக்குக் கடன் சொன்னார்கள்? ஒரு ஊர் செத்த தேதி நம் எல்லாருக்கும் மனப்பாடம். அது வாழ்ந்த ஐம்பது வருஷத்தில் ஒரு நாளைக்கூட நம்மால் சொல்ல முடியவில்லை. இது அந்த ஊருக்கு நாம் செய்கிற அநியாயம் என்று நினைக்கிறேன்.

அந்த ஐம்பது வருஷக் கதையைக் கொஞ்சம் கேளுங்கள். 1914 பிப்ரவரி 24-ம் தேதி பாம்பன் கால்வாய் மேல் ரயில் பாலம் திறந்தார்கள். நடுவில் கப்பல் போக ஷெர்சர் தூக்குப் பாலம். மெஷின் எதுவும் கிடையாது, ஆட்களே இரண்டு பக்கமும் நின்று லீவரைச் சுற்றித்தான் திறப்பார்கள். அந்தப் பாலம் வந்த பிறகு சென்னை எழும்பூரில் ஏறினால் 'போட் மெயில்' நேராகத் தனுஷ்கோடித் துறைமுகத்தில் கொண்டுபோய் விடும். அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் தலைமன்னார், அங்கிருந்து திரும்பவும் ரயில், கொழும்பு. ஒரே டிக்கெட்டில் கடல் கடக்கலாம். அதனால் அந்த மணல் திட்டில் ஸ்டேஷன், போஸ்ட் ஆபீஸ், சுங்க அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், சர்ச் எல்லாம் இருந்தன. ராமேஸ்வரம் வந்த யாத்ரீகர்கள், தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலிகள், கருவாடு வியாபாரிகள், துணி வியாபாரிகள் என்று எல்லாரும் அந்த ஊர் வழியாகத்தான் போய் வந்தார்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம் மட்டும் நாட்டுக்கே தெரியும். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். அதனால் ராமேஸ்வரம் ரோட்டுக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே, ஓடுகிற வண்டியிலிருந்து நியூஸ்பேப்பர் கட்டுகளைத் தூக்கிப் போடுவார்கள். அந்தக் கட்டுகளைப் பொறுக்கி எடுக்க உதவி செய்த ஒரு பையனுக்கு அதுதான் முதல் சம்பளம். அந்தப் பையன் அப்துல் கலாம். 'அக்னிச் சிறகுகள்' படித்த எல்லாருக்கும் இது நினைவிருக்கும். அந்தக் காலத்து ராமேஸ்வரத்தில் ஒரு சிறுவனின் ஒரு காலைப்பொழுது எப்படி இருந்தது என்று நமக்குத் தெரிய ஒரே காரணம், அவர் அதை எழுதி வைத்தார். அவர் எழுதினதை ஊர் கேட்டதற்குக் காரணம், அவர் பெரிய ஆள் ஆனார். ரயில் பாதையில் அவரோடு ஓடிய மற்ற பையன்களின் காலைப்பொழுது என்ன ஆச்சு?

எங்க தாத்தா அப்படிப்பட்ட மற்ற பையன்களில் ஒருத்தர், கொஞ்சம் பிந்தி. புயல் வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயசு. கிறிஸ்துமஸுக்கென்று மூன்று நாள் முன்னாடியே குடும்பத்தோடு பாம்பனில் இருந்த அவங்க அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அதனால்தான் அவர் பிழைத்தார், நானும் இதை எழுதுகிறேன்.

புயலைப் பற்றி அவர் பேசவே மாட்டார். கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். ஆனால் மற்றதெல்லாம் பேசுவார். கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டால் வாத்தியார் பாடத்தை நிறுத்திவிடுவாராம், எப்படியும் எவனும் கவனிக்க மாட்டான் என்று. சிலோன் சோப்பு வாங்கின வீட்டுக்காரர்கள் அதைக் கரைந்துவிடும் என்று குளிக்கப் பயன்படுத்தாமல் துணிப்பெட்டிக்குள் வாசனைக்கு வைப்பார்களாம். சாயங்காலம் இலங்கை வானொலி பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தெளிவாகக் கேட்குமாம், மெட்ராஸ் ஸ்டேஷன்தான் இழுக்குமாம். சாப்பிடும்போது, வலை பின்னும்போது, கரண்ட் போன ராத்திரியில், இப்படித் துண்டு துண்டாகச் சொல்வார்.

அப்போதெல்லாம் என் கையில் போன் இருந்தது. நான் அதில் வேறு எதையோ பார்த்துக்கொண்டு "ம்... ம்..." கொட்டிக்கொண்டிருந்தேன்.

நான் இரண்டாம் வருஷம் படிக்கும்போது தாத்தா போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்து போனை முழுக்கத் தேடினேன். அவர் குரல் ஒரே ஒரு இடத்தில் இருந்தது, வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜில். "ஏய்யா, அங்க மழையாமே, குடை வச்சிருக்கியா? சாப்புட்டியா?" பதினொரு செகண்ட். தனுஷ்கோடியில் நடந்து திரிந்த ஒரு மனுஷனிடமிருந்து நான் சேர்த்து வைத்தது அவ்வளவுதான்.

அதற்கப்புறம்தான் அப்பத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். அவங்க கம்பிப்பாட்டுக்காரங்க. தாத்தாவைவிட மூன்று வயசு சின்னவங்க. முதலில் நான் தப்பாகக் கேட்டேன். "அப்பத்தா, அந்தக் காலத்தைப் பத்திச் சொல்லுங்க." "என்னத்தய்யா சொல்ல, கஷ்டந்தான்" என்று முடித்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து வேறு மாதிரி கேட்டேன். "காலைல எந்திரிச்சதும் முதல்ல என்ன செய்வீங்க?" அவ்வளவுதான், முக்கால் மணி நேரம் நிற்கவில்லை.

காலையில் எழுந்ததும் முதல் வேலை தண்ணீர். மணலில் ஊற்று தோண்டித்தான் குடிதண்ணீர் எடுப்பார்கள். கடலுக்கு ரொம்பப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர். அப்பத்தா சொன்னதை அப்படியே தருகிறேன்: "லேசாத்தான்ய்யா தோண்டணும். ஊறுற தண்ணிய சிரட்டையால மோந்து மோந்து ஊத்தணும். பொறுமை இல்லாம ஆழமாத் தோண்டுனா உப்பு ஏறிரும். அப்புறம் அந்த ஊத்து ஒரு வாரத்துக்கு ஆகாது. எங்க ஆத்தா அதுக்கே என்னைய அடிச்சிருக்கு."

சிவில் நண்பர்கள் இதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். கடலோர மணலுக்குள் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேல் ஒரு லென்ஸ் மாதிரி மிதக்கும். கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு மீட்டர் நின்றால் கீழே சுமார் நாற்பது மீட்டர் வரைக்கும் இருக்கும். மேலே வேகமாக உறிஞ்சினால் கீழிருந்து உப்பு ஏறும். 1888-லும் 1901-லும் ஐரோப்பாவில் இரண்டு பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்து எழுதிய விஷயம். எங்க பூட்டி அதை அப்பத்தா முதுகில் இரண்டு அடி போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இன்னைக்கும் தனுஷ்கோடியில் குடிசை போட்டு வாழ்கிற மீனவக் குடும்பங்கள் மணலைத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்கின்றன. எந்த ரீல்ஸிலாவது இதைப் பார்த்தீர்களா?

வெளியூரில் என்ன செய்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன். இங்கிலாந்தில் ஸ்கிப்டன் என்று ஒரு சந்தை ஊர். லீட்ஸ்–லிவர்பூல் கால்வாய் ஊருக்குள்ளேயே ஓடும். அந்த மாதிரி ஊர்க்காரர்களின் நினைவுக் குறிப்புகளில் போர், ராஜா, ராணியெல்லாம் குறைவு. சந்தை நாளில் எந்தத் தெருவில் என்ன விற்றார்கள், படகுக்காரர்கள் எங்கே இறங்குவார்கள், எந்தக் கடையில் ரொட்டி வாசனை வரும் என்றுதான் பக்கம் பக்கமாக இருக்கும். அந்த நாட்டில் 1937-ல் 'மாஸ் அப்சர்வேஷன்' என்று ஒரு முயற்சியே தொடங்கினார்கள். அந்த வருஷம் மே 12-ம் தேதி ராஜாவுக்கு முடிசூட்டு விழா. "ராஜாவை விடுங்கள், அன்று நீங்கள் காலை முதல் இரவு வரை என்ன செய்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்" என்று சாதாரண ஜனங்களிடம் கேட்டார்கள். ஜனங்களும் அனுப்பினார்கள். அந்தக் காகிதங்களெல்லாம் இன்னைக்கு சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

அது பணக்கார நாடு, அவங்களால முடியும் என்பீர்கள். சரி, நம்ம பக்கம் வாங்க. பிரிவினையைப் பார்த்தவர்களின் வாய்மொழியைச் சேர்க்கிற '1947 பார்ட்டிஷன் ஆர்க்கைவ்' இதுவரை பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்திருக்கிறது. அதில் பெரும்பகுதி வேலையைச் செய்தவர்கள் தன்னார்வலர்கள், அதாவது நம்மைப் போன்றவர்கள். எங்க கடலுக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 1981-ல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சமூகத்திலிருந்து 2005-ல் சிலர் சேர்ந்து 'நூலகம்' என்ற இணைய ஆவணகம் தொடங்கி, கையில் கிடைத்த புத்தகம், பத்திரிகை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். இழந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரிகிறது. எங்க பாம்பனிலேயே 2016 முதல் 'கடல் ஓசை' என்ற சமுதாய வானொலி மீனவர்களுக்காகவே நடக்கிறது. காற்று, அலை, மீன் என்று எங்க ஜனங்கள் எங்க பேச்சிலேயே பேசுகிறார்கள். ஆக, வழி இருக்கிறது.

இதைப் பற்றி நண்பர்களிடம் பேசினபோது மூன்று கேள்வி வந்தது. மூன்றுமே நியாயமான கேள்விதான்.

முதல் கேள்வி: "வயசானவங்க ஞாபகத்தை நம்ப முடியுமா?" முடியாது, முழுசாக முடியாது. மிட்டாய்க் கடை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்தது என்கிறார் சின்னத் தாத்தா. இல்லை, கப்பல் ஏறுகிற பாலத்துக்குப் பக்கத்தில் என்கிறார்கள் அப்பத்தா. இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தேன், சண்டையே வந்துவிட்டது. ஆனால் அந்தச் சண்டையில்தான் கடைக்குப் போகிற வழி, வழியில் இருந்த புளியமரம், கடைக்காரர் காது கேளாதவர் என்கிற விஷயம் எல்லாம் வெளியே வந்தது. லேபில் ஒரே ரீடிங்கை வைத்து யாரும் ரிசல்ட் எழுதுவதில்லை, மூன்று தடவை எடுக்கிறோம். இங்கேயும் அதே கதைதான். ஒருத்தரிடம் கேட்டதை இன்னும் இரண்டு பேரிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி இன்னும் கூர்மையானது: "பழசைத் தூக்கி வச்சு ஆடுறதா இது? அந்தக் காலம் பொற்காலமா?" இல்லை. எனக்கும் அந்த ஆபத்து தெரியும். தாத்தா சொன்ன கதைகளில் எல்லாம் இனிப்பாகத்தான் இருக்கும். அப்பத்தா கதையில் அப்படி இல்லை. அவங்க பள்ளிக்கூடம் போனது மூன்று வருஷம்தான், தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். சில ஊற்றுகளில் சிலர் கை வைக்கக் கூடாது என்றும் இருந்திருக்கிறது. அதைச் சொல்லும்போது அப்பத்தா குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் அதையும் பதிவு செய்தேன். அந்தக் காலம் எல்லாருக்கும் ஒரே காலமாக இருந்ததில்லை. ஆண்களிடம் மட்டும் கேட்டால், கடை வைத்திருந்தவர்களிடம் மட்டும் கேட்டால், பாதி ஊர்தான் கிடைக்கும். ஆகவே கேட்கும்போது "எது நல்லா இருந்துச்சு?" என்று நிறுத்தாமல் "எங்கெல்லாம் உங்களைப் போக விடல?" என்றும் கேளுங்கள்.

மூன்றாவது: "நாம இன்ஜினியரிங் பசங்க, இது ஹிஸ்டரி டிபார்ட்மென்ட் வேலை." இதற்குப் பதில் எங்க ஊர்ப் பாலத்திலேயே இருக்கிறது. 1964 புயலில் பாலத்தின் பெரும்பகுதி கர்டர்கள் கடலுக்குள் போயின. சரிசெய்ய மூன்று மாதம் என்று கெடு வைத்தார்கள். அப்போது இளம் இன்ஜினியராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில், விழுந்த கர்டர்களையே கடலிலிருந்து மீட்டு 46 நாளில் ரயில் ஓட வைத்தார்கள். அவர் பெயர் நமக்குத் தெரியும், தெரியத்தான் வேண்டும். ஆனால் அந்த 46 நாளும் தண்ணீருக்குள் முங்கினவர்கள், கயிறு இழுத்தவர்கள், அதற்கப்புறம் அரை நூற்றாண்டு அந்த உப்புக்காற்றில் பாலத்துக்குப் பெயின்ட் அடித்தவர்கள், லீவரைச் சுற்றினவர்கள்? எந்த இணைப்பு முதலில் துருப்பிடிக்கும், எந்தக் காற்றில் வேலையை நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கைக்குத் தெரியும். அது எந்த மேனுவலிலும் முழுசாக ஏறியிருக்காது.

2022 டிசம்பரோடு பழைய பாலத்தில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதுப் பாலம் திறந்தார்கள். 72.5 மீட்டர் நீளத் தூக்கு ஸ்பான், செங்குத்தாக மேலே போகிறது. எனக்கும் பெருமைதான், மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு அதைப் பார்த்தால் பசியே எடுக்காது. ஆனால் அதற்குப் பக்கத்தில் நிற்கிற பழைய பாலம் இன்னும் எத்தனை நாள் நிற்கும்? அதைக் கையால் திறந்தவர்கள் பாம்பனிலும் மண்டபத்திலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள், ரிட்டையர் ஆகி, சாய்வு நாற்காலியில். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று அலைகிறோமே, அவர்களில் ஒருத்தரோடு ஒரு நாள் உட்கார்ந்தால் போதாதா?

சரி, என்ன செய்யலாம்? பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். இந்த செமஸ்டர் லீவில் வீட்டில் இருக்கிற மூத்தவர் ஒருவரோடு ஒரு மணி நேரம். போனில் வாய்ஸ் ரெக்கார்டரைப் போட்டு, அதை அவர்களிடம் சொல்லிவிட்டு, பக்கத்தில் வையுங்கள். "பழைய கதை சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். "வீட்டு வாசல்ல இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்து காட்டுங்க, வழில என்னென்ன இருந்துச்சு?" என்று கேளுங்கள். காசு பற்றிக் கேளுங்கள், எதற்கு எவ்வளவு. முதல் சம்பளம் என்ன ஆச்சு. காய்ச்சல் வந்தால் யாரிடம் போனீர்கள். உங்களுக்குத் தெரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். எங்க கரையில் காற்றுக்கே வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கு ஒரு பெயர் இருக்கிறது. வெதர் ஆப்பில் எல்லாம் ஒரே அம்புக்குறிதான்.

முடிந்ததும் ஃபைலுக்குப் பெயர், ஊர், தேதி போட்டு இரண்டு இடத்தில் சேமியுங்கள். அவர்களைக் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள். அப்பத்தா குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயம் ரீல்ஸுக்கு இல்லை.

பாம்பன், தனுஷ்கோடிக்காரர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை என்று நினைக்காதீர்கள். கீழக்கரைக்காரன் ஒருத்தன் நம்ம காலேஜில் இருக்கிறான், அவன் வீட்டில் தொதல் கிண்டுகிற சட்டி எந்தக் கப்பலில் யார் கொண்டுவந்தது என்று அவங்க உம்மாவுக்குத் தெரியும். உங்கள் ஊரில் ஒரு சந்தை இருந்திருக்கும், இப்போது அங்கே மண்டபம் நிற்கும். ஒரு கண்மாய் இருந்திருக்கும், இப்போது பஸ் ஸ்டாண்ட் நிற்கும். அதை மூழ்கடிக்கப் புயல் வேண்டியதில்லை.

என்னிடம் இப்போது அப்பத்தா குரலில் ஒன்பது ஃபைல் இருக்கிறது. பொங்கல் லீவுக்குப் போனால் அடுத்து மீன் ஏலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும், விரலைத் துண்டுக்குள் பிடித்து விலை பேசுவார்கள் என்று ஒரு நாள் பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். போன வாரம் போன் செய்தபோது அவங்களே கேட்டார்கள். "ஏய்யா, அந்த மிட்டாய்க் கடைக்காரர் பேரு ஞாபகம் வந்துருச்சு. இப்ப சொல்லவா, நீ வந்தப்புறம் சொல்லவா?"

"இப்பவே சொல்லுங்க அப்பத்தா" என்றேன்.